பிறர் களஞ்சியம் படுத்துவிடும்போது: நெக்ஸஸ் ரெபாசிட்டரி சமூகப் பதிப்பு பற்றிய ஒரு மதிப்பீடு

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பில்ட் (மூல நிரலை இயங்கும் மென்பொருளாகத் தொகுக்கும் பணி), நிரலில் ஒரு வரிகூட மாறாத நிலையில் இன்று நின்றுபோனால், கோளாறு பெரும்பாலும் நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. நாம் நடத்தாத, நமக்கு எந்த ஒப்பந்தமும் இல்லாத ஒரு மூன்றாம் தரப்புக் களஞ்சியத்தின், அதாவது பில்டுக்கு வேண்டிய ஆயத்த நிரல் நூலகங்களை இணையத்தில் வழங்கும் சர்வரின், சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். அல்லது அதன் முகவரி மாறியிருக்கும். அல்லது அதை நடத்திவந்த நிறுவனம் இன்னொன்றின் கைக்குப் போய், புதிய உரிமையாளர் அந்தப் பழைய சர்வரை யாரும் பயன்படுத்துவதில்லை என்று எண்ணி அணைத்திருப்பார். இத்தகைய நிலையைச் சமாளிக்கப் பலரும் நாடும் கருவி சோனாடைப் நிறுவனத்தின் நெக்ஸஸ் ரெபாசிட்டரி. அதன் இலவசமான சமூகப் பதிப்பை, உடைந்த களஞ்சியங்களைச் சுற்றிக்கொண்டு வேலை பார்ப்பதற்கு அது எவ்வளவு தூரம் உதவுகிறது என்ற ஒரே கேள்வியை வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். அதன் மற்ற வசதிகளை இந்தக் கேள்விக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே தொடுகிறேன்.

களஞ்சியங்கள் மறைவது அபூர்வமான விபத்து என்று நினைப்பவர்களுக்கு ஜாவா உலகின் அண்மைக்கால வரலாறே போதிய பதில். திறமூலத் திட்டங்களுக்கு இடமளித்த கோட்ஹாஸ் 2015-இல் தன் சேவைகளை நிறுத்தியது. ஜாவா.நெட் தளம் 2017-இல் மூடப்பட்டது. ஆண்ட்ராய்டு திட்டங்கள் பல ஆண்டுகள் இயல்பாகவே நம்பியிருந்த ஜேசென்டரை மூடப்போவதாக ஜேஃப்ராக் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. சில காலம் படிக்க மட்டும் திறந்திருந்த அந்தக் களஞ்சியத்துக்கு வரும் கோரிக்கைகள் 2024 ஆகஸ்டிலிருந்து மேவன் பில்ட் கருவியின் முதன்மைப் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலுக்குத் திருப்பிவிடப்படுகின்றன, ஆகவே சென்ட்ரலில் இல்லாமல் ஜேசென்டரில் மட்டும் இருந்த பதிப்புகள் பழைய முகவரியில் இனிக் கிடைப்பதில்லை. சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்போதும் வழி அடைபடலாம்: 2020 ஜனவரி 15 முதல் மேவன் சென்ட்ரல் குறியாக்கம் இல்லாத எச்டிடிபி கோரிக்கைகளை மறுக்கத் தொடங்கியது, 2021-இல் வந்த மேவன் 3.8.1, வெளியிலுள்ள எந்த எச்டிடிபி களஞ்சியத்தையும் தானாகவே தடுக்கிறது. இரண்டும் சரியான முடிவுகளே. ஆனால் பத்தாண்டுப் பழைய திட்டம் ஒன்றைப் பராமரிப்பவருக்கு அவற்றின் விளைவும் செத்துப்போன சர்வரின் விளைவும் ஒன்றுதான்.

நெக்ஸஸின் அமைப்பு எளிமையானது. வெளியிலுள்ள ஒரு களஞ்சியத்தின் முன்னால் நின்று, கேட்ட கோப்பை எடுத்துத் தந்து, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ப்ராக்ஸி வகை. நாமே கோப்புகளைப் பதிவேற்றும் ஹோஸ்டட் வகை. இவை பலவற்றையும் ஒரே முகவரிக்குள் அடக்கும் குரூப் வகை. நிறுவியவுடன் சென்ட்ரலுக்கான ப்ராக்ஸியும், சொந்த வெளியீடுகளுக்கும் ஸ்னாப்ஷாட்டுகள் எனும் இடைக்காலப் பதிப்புகளுக்குமான ஹோஸ்டட் களஞ்சியங்களும், இவற்றைச் சேர்க்கும் குரூப்பும் தயாராக இருக்கின்றன. மேவனின் செட்டிங்ஸ் கோப்பில் எல்லாக் களஞ்சியங்களுக்கும் மிர்ரர் (அவற்றுக்குப் பதிலாகக் கேட்க வேண்டிய இடம்) இதுவே என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டு, குரூப்பின் முகவரியைக் கொடுத்துவிட்டால் அடிப்படை வேலை முடிந்தது.

அந்த நட்சத்திரக் குறிதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி என்பேன். நாம் எழுதிய போம் கோப்பில் (திட்டத்தின் பெயர், பதிப்பு, சார்புகள் ஆகியவற்றைக் கூறும் மேவன் கோப்பு) உள்ள களஞ்சியங்களை மட்டும் மேவன் தேடுவதில்லை. நாம் பயன்படுத்தும் நூலகத்தின் போம் கோப்பில் அதன் ஆசிரியர் என்றோ எழுதிவைத்த களஞ்சிய முகவரிகளையும் அது மதித்து, அங்கேயும் போய்க் கதவைத் தட்டுகிறது. நம் திட்டத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காத ஒரு முகவரி பிழைச்செய்தியில் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். மிர்ரர் வைத்தபின் அந்த முகவரிகள் எல்லாமே நெக்ஸஸை நோக்கித் திரும்பிவிடுகின்றன. யாரோ எழுதிய முகவரி செத்தால் என்ன, இருந்தால் என்ன என்ற நிலை வருகிறது. இன்னொரு பில்ட் கருவியான கிரேடில் இந்தத் தொல்லையை முதலிலேயே தவிர்த்துவிட்டது: சார்பு நூலகங்களின் போம் கோப்புகளில் உள்ள களஞ்சிய முகவரிகளை அது கண்டுகொள்வதில்லை. ஆகவே கிரேடில் பயனர்களுக்கு நெக்ஸஸ் தரும் லாபம் சற்றுக் குறைவு.

இனி, வெளிக்களஞ்சியம் உண்மையிலேயே விழும்போது நெக்ஸஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்க்கலாம். எதிர்ப்பக்கம் பதில் தரவில்லை என்று கண்டால் அது அந்த ப்ராக்ஸியைத் தானாகவே தடுப்பு நிலைக்கு மாற்றிவிட்டு, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி முயன்று பார்க்கிறது. அதுவரை தன்னிடம் உள்ள நகல்களைத் தொடர்ந்து வழங்குகிறது. சில மணி நேரம் படுத்து எழும் களஞ்சியங்களுக்கு இது அருமையான ஏற்பாடு, பயன்படுத்துவோருக்குக் கோளாறு நடந்ததே தெரியாமல் போய்விடுகிறது. நிரந்தரமாகச் செத்த களஞ்சியத்துக்குத் தானியங்கித் தடுப்பு போதாது. அதற்கென்று அமைப்புத் திரையில் வெளித்தொடர்பைத் தடுக்கும் தனித் தெரிவு ஒன்று உண்டு. அதை, களஞ்சியம் இயங்குகிறதா என்று குறிக்கும் ஆன்லைன் தெரிவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆன்லைன் தெரிவை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் நகல்களும் யாருக்கும் கிடைக்காது. வெளித்தொடர்பை மட்டும் தடுத்தால் நகல்கள் கிடைக்கும், வெளியே போகும் வழி மட்டும் மூடப்படும். நாம் வேண்டுவது இரண்டாவதை. ஒரே திரையில் இருக்கும் இந்த இரண்டு தெரிவுகளுக்கும் இடையிலுள்ள பெரும் வேறுபாட்டை இன்னும் தெளிவாக எழுதிவைத்திருக்கலாம்.

செத்த களஞ்சியத்தின் வெளித்தொடர்பைக் கையால் தடுப்பதில் வேகம் தாண்டிய ஒரு நியாயமும் இருக்கிறது. ஒரு களஞ்சியத்தின் டொமைன் பெயர் காலாவதியானால் அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் அதே பாதையில், அதே பெயரில், தான் விரும்பிய ஜார் கோப்பை (தொகுத்த ஜாவா நிரல் அடங்கிய கோப்பு) வைக்கலாம். மேவன் 3.8.1-இன் எச்டிடிபி தடுப்புக்குப் பின்னணியாக இருந்த பாதுகாப்பு அறிக்கை, கைப்பற்றப்பட்ட களஞ்சியங்களும் களஞ்சியம்போல் நடிக்கும் இடைத்தரகர்களும் தரும் ஆபத்தைத்தான் பேசுகிறது. இப்படிப் பார்த்தால் பதிலே தராத முகவரி, வேறொருவர் பதில் தரும் முகவரியைவிட எவ்வளவோ மேல்.

வேறு யாரோ பதில் தரும் அந்த இரண்டாவது வகைக் கோளாறு பெரும்பாலும் இவ்வளவு விஷமத்தனமானதல்ல, ஆனால் எரிச்சலூட்டுவது. விற்பனைக்கு நிற்கும் டொமைன்களும், தளத்தை முழுதாக மாற்றியமைத்த நிறுவனங்களும், எந்தப் பாதையைக் கேட்டாலும் கோப்பு இல்லை எனும் 404 குறியீட்டைச் சொல்லாமல், 200 என்ற வெற்றிக் குறியீட்டோடு ஒரு எச்டிஎம்எல் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. நேரடியாக இணைந்திருக்கும் மேவன் அந்தப் பக்கத்தை வாங்கி, போம் கோப்பு என்ற பெயரில் அந்தக் கணினியிலேயே உள்ள லோக்கல் களஞ்சியத்தில் போட்டுவிட்டு, பிறகு அதைப் படிக்க முடியவில்லை என்று நிற்கிறது. கோப்பின் சரிபார்ப்பு எண்ணான செக்சம் ஒத்துவராவிட்டால் மேவன் 3 இயல்பாக எச்சரிக்கை மட்டுமே தருகிறது என்பதால் கோப்பு உள்ளே நுழைவதைத் தடுக்க யாருமில்லை. ஒவ்வொருவருடைய கணினியிலும் அந்த அழுகிய கோப்பைத் தேடி அழித்தால்தான் மீட்சி. நெக்ஸஸில் கோப்பின் உள்ளடக்க வகையைக் கண்டிப்பாகச் சோதிக்கும் தெரிவு இருக்கிறது. ஜார் கேட்ட இடத்தில் எச்டிஎம்எல் வந்தால் அதைச் சேமிக்காமல் தள்ளிவிடுகிறது. இந்த ஒரு தெரிவுக்காகவே இதை நிறுவலாம் என்று சொல்வேன். சில பழைய களஞ்சியங்களின் கோணல்மாணலான கோப்புகளுக்காக இந்தச் சோதனையைத் தளர்த்தச் சொல்லும் அறிவுரைகள் உலவுகின்றன. அவற்றை ஏற்கும் முன் அந்த ஒரு கோப்பைக் கையால் பதிவேற்றி வேலை முடிகிறதா என்று பார்ப்பது நல்லது.

எனக்கு மிகவும் குறை தோன்றும் இடம், இல்லை என்ற பதிலை நினைவில் வைத்திருக்கும் கேச். ஒரு கோப்பு வெளிக்களஞ்சியத்தில் இல்லை என்று ஒருமுறை தெரிந்தால், நெக்ஸஸ் அந்த இல்லாமையை இயல்பாக 1440 நிமிடங்கள், அதாவது ஒரு முழு நாள், நினைவில் வைத்திருக்கிறது. சென்ட்ரல் போன்ற நிலையான களஞ்சியத்துக்கு இது சரியான ஏற்பாடு. தடுமாறும் களஞ்சியங்களோ கோளாறான நேரத்தில் சர்வர் கோளாறைக் குறிக்கும், 5-இல் தொடங்கும் பிழைக் குறியீட்டைத் தராமல் 404 என்று பொய் சொல்வதுண்டு. அந்தப் பொய்யை நெக்ஸஸ் ஒரு நாள் முழுவதும் நம்பிக்கொண்டு, எதிர்ப்பக்கம் சீரான பிறகும் கோப்பு இல்லை என்றே சொல்லும். அதற்கு அடுத்த அடுக்கில் மேவனும் தன் பங்குக்குத் தோல்வியைக் குறித்து வைத்துக்கொள்கிறது. புதுப்பிப்பு இடைவெளி முடியும்வரை மறுபடி முயலமாட்டேன் என்ற நீண்ட பிழைச்செய்தி பலருக்கும் பழக்கமானதுதான். ஆகவே வெளிக்களஞ்சியம் மீண்டுவிட்டது என்று பிரவுசரில் கண்ணால் பார்த்தபின்னும் பில்ட் ஓடாது. முதலில் நெக்ஸஸில் அந்த ப்ராக்ஸியின் கேச்சைச் செல்லாததாக்க வேண்டும், பிறகு மேவனைப் புதுப்பிப்பைக் கட்டாயப்படுத்தும் தெரிவோடு ஓட்ட வேண்டும். வரிசை மாறினால் மேவன் மறுபடியும் அதே பழைய இல்லையை வாங்கி எழுதிக்கொள்ளும். மூன்றாம் தரப்புக் களஞ்சியங்களுக்கான ப்ராக்ஸிகளில் மட்டும் இந்தக் கால அளவைச் சில நிமிடங்களாகக் குறைத்துவிடுவதே என் வழக்கம். வெளிக்கோரிக்கைகள் சற்றுக் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அந்த ப்ராக்ஸிகளுக்குக் கீழே சொல்லப்போகும் வடிகட்டிகள் இருந்தால் அது பொருட்டாகாது.

இதே திரையில், சேமித்த கோப்பை எவ்வளவு காலத்துக்குப் பின் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்ற கட்டமும் இருக்கிறது. வெளியீட்டுப் பதிப்புகளுக்கு அங்கே கழித்தல் 1 என்று போட வேண்டும், அதாவது ஒருமுறை வந்த கோப்பை மறுபடி கேட்கவே வேண்டாம் என்று பொருள். வெளியிட்ட பதிப்பு மாறாது என்பதுதான் மேவன் உலகின் விதி. விதியை மதிக்காமல் அதே பதிப்பு எண்ணில் வேறு கோப்பை ஏற்றும் களஞ்சியங்களும் உண்டு என்பதால், இந்த அமைப்பு அவற்றிடமிருந்தும் காக்கிறது.

குரூப் வகையின் வசதியே அதன் பலவீனமும் ஆகிறது. கோரிக்கை வந்ததும் நெக்ஸஸ் உறுப்புக் களஞ்சியங்களை நாம் தந்த வரிசையில் கேட்டுக்கொண்டு போய், முதலில் கிடைக்கும் கோப்பைத் தருகிறது. மேவனுக்கோ கிரேடிலுக்கோ தெரிவதெல்லாம் குரூப்பின் ஒற்றை முகவரிதான். உள்ளே எந்த உறுப்பு கோளாறாகி இந்த இல்லை வந்தது என்பது பில்ட் பதிவுகளில் தெரியாது. நேரடி இணைப்பில் கிரேடில் கோப்பு இல்லாததையும் சர்வர் பதில் தராததையும் கவனமாகப் பிரித்துப் பார்த்து, முதலாவதில் அடுத்த களஞ்சியத்துக்குப் போகும், இரண்டாவதில் பில்டை நிறுத்திவிடும். வேறொரு களஞ்சியத்திலிருந்து வேறு கோப்பு ஓசையின்றி நுழையாமல் காக்கும் அந்த நுணுக்கம் குரூப்பின் பின்னால் பெரும்பாலும் பயனற்றுப் போகிறது. கோளாறைத் தேட நெக்ஸஸின் நிர்வாகத் திரைக்கு வந்து ஒவ்வொரு ப்ராக்ஸியின் நிலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நிர்வாக அனுமதி இல்லாத நிரலாளருக்கு இது பெரும் தடை.

இதற்குப் பரிகாரமாக இருப்பவை ரவுட்டிங் விதிகள். ஒரு வெளிக்களஞ்சியத்திடம் எந்தப் பாதைகளை மட்டும் கேட்கலாம், அல்லது எவற்றைக் கேட்கவே கூடாது என்று ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனும் எழுத்து வடிவ விதிகளால் எழுதி ப்ராக்ஸியோடு இணைக்கலாம். ஒரு வணிக நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து நமக்கு வேண்டியது ஒரே ஒரு குழுப் பெயரின் (நூலகங்களை வெளியிடுபவரை அடையாளப்படுத்தும் பெயர்) கீழுள்ள நூலகங்கள் என்றால், அந்தப் பெயரை மட்டும் அனுமதித்துவிட வேண்டும். அதன்பின் அந்தக் களஞ்சியம் விழுந்தாலும் பாதிப்பு அந்த நூலகங்களோடு நின்றுவிடும். தொடர்பே இல்லாத நூறு கோப்புகளுக்கான தேடல் அந்தச் செத்த சர்வரின் வாசலில் காத்திருக்காது. சொந்த நிறுவனத்தின் குழுப் பெயர்களை எல்லா வெளி ப்ராக்ஸிகளிலும் தடுத்துவிடுவதும் இதே விதிகளால் ஆகும். உள் நூலகத்தின் பெயரிலேயே பொதுக் களஞ்சியத்தில் ஒரு போலியை ஏற்றி, ஆப்பிள், மைக்ரோசாப்ட் போன்ற பெரிய நிறுவனங்களின் பில்டுகளுக்குள்ளேயே நுழைய முடியும் என்று 2021 பிப்ரவரியில் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு இதைத் தள்ளிப்போட எந்தச் சாக்கும் இல்லை. கிரேடில் 5.1 முதல் பில்ட் கோப்பிலேயே இத்தகைய வடிகட்டலை எழுத முடிகிறது, 6.2 முதல் ஒரு குழுவை ஒரே களஞ்சியத்துக்கு மட்டும் உரியதாக்கவும் முடிகிறது. ஆனால் அதை ஒவ்வொரு திட்டத்திலும் தனித்தனியே செய்ய வேண்டும். நெக்ஸஸில் ஒரே இடத்தில் முடிந்துவிடுகிறது.

ப்ராக்ஸியின் வழியாக ஒருமுறைகூட வராத கோப்பை நெக்ஸஸால் மீட்டுத் தர முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும். களஞ்சியம் செத்த பிறகு நெக்ஸஸை நிறுவுபவருக்கு, யாரோ ஒருவரின் கணினியிலுள்ள லோக்கல் களஞ்சியமே கடைசிப் புகலிடம். அங்கிருந்து எடுத்த கோப்புகளுக்கென்று ஒரு தனி ஹோஸ்டட் களஞ்சியத்தைத் தொடங்கி, மறுபதிவேற்றத்தைத் தடைசெய்து, குரூப்பின் வரிசையில் முன்னால் வைப்பதே முறை. பதிவேற்றும் படிவம் நன்றாக இருக்கிறது, ஆனால் அதிலுள்ள போம் கோப்பைத் தானே உருவாக்கித் தரும் வசதியில் ஒரு பொறி உண்டு: அப்படி உருவாகும் போம் கோப்பில் பெயரும் பதிப்பும் இருக்குமே தவிர, அந்த நூலகம் எவற்றையெல்லாம் சார்ந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்காது. பில்ட் ஒருவேளை கடந்துவிடும். இயங்கும் நேரத்தில் ஒரு கிளாஸ் கிடைக்கவில்லை என்று நிரல் விழும். மூல போம் கோப்பு எங்காவது இருந்தால் அதையே ஜாரோடு சேர்த்து ஏற்ற வேண்டும். மூல நிரலிலிருந்து நாமே மறுபடி தொகுத்த கோப்பாக இருந்தால் பதிப்பு எண்ணின் பின்னால் ஓர் அடையாளத்தைச் சேர்ப்பது நேர்மையானது, ஏனென்றால் அதன் செக்சம் மூலக் கோப்போடு ஒத்துப்போகாது. ப்ராக்ஸியில் தங்கிவிட்ட நகல்களை ஹோஸ்டட் களஞ்சியத்துக்கு நேரடியாக நகர்த்தும் வசதி சமூகப் பதிப்பில் இல்லை. நெக்ஸஸின் ரெஸ்ட் இடைமுகம் (நிரல்வழிக் கோரிக்கைகளுக்கானது) வழியே பட்டியலெடுத்து, இறக்கி, மறுபடி ஏற்றும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த நகர்த்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம், இடத்தைச் சிக்கனப்படுத்த வைத்திருக்கும் துப்புரவுக் கொள்கைகள். குறிப்பிட்ட நாட்களாக யாரும் இறக்காத கோப்புகளை அழி என்ற கொள்கை உயிருள்ள களஞ்சியத்தின் ப்ராக்ஸிக்கு முற்றிலும் பொருத்தம், வேண்டும்போது மறுபடி வந்துவிடும். செத்த களஞ்சியத்தின் ப்ராக்ஸியில் அதே கொள்கை உலகத்தில் எஞ்சியிருக்கும் கடைசி நகல்களில் ஒன்றை அழிக்கிறது. அழிவு உடனடியானதல்ல, முதலில் நீக்கப்பட்டதாகக் குறித்துவிட்டு, சேமிப்பிடத்தைச் சுருக்கும் பணி ஓடும்போதுதான் கோப்பு உண்மையில் போகிறது. அந்த இடைவெளியை நம்பி இருப்பது விவேகமல்ல. சமூகப் பதிப்புக்கு மொத்தக் கூறுகளின் எண்ணிக்கையிலும் ஒரு நாளைய கோரிக்கைகளிலும் வரம்பு வந்துவிட்ட பிறகு துப்புரவின் தேவையும் கூடிவிட்டது, ஆகவே இரண்டு நெருக்கடிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சிறு குழுக்களுக்கு அந்த வரம்பு தெரியவே தெரியாது. நோடு (ஜாவாஸ்கிரிப்ட்) திட்டங்கள் பலவற்றை ஒரே நெக்ஸஸில் வைத்திருப்பவர்களுக்கு, குட்டிக் குட்டிப் பொதிகள் ஆயிரக்கணக்கில் சேர்வதால், வரம்பு எதிர்பார்த்ததைவிட விரைவில் முன்னால் வந்து நிற்கும்.

ஜாவா அல்லாத உலகத்தில் இதன் பயன் ஏற்ற இறக்கமானது. ஜாவாஸ்கிரிப்ட்டின் பொதி மேலாண்மைக் கருவியான என்பிஎம்-இன் பயனர்களுக்கு 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரிப் பொதி நீக்கப்பட்டபோது அதைச் சார்ந்திருந்த பில்டுகள் பல நின்றுபோனது நினைவிருக்கும். ப்ராக்ஸி வைத்திருந்தால் அந்த நாள் அமைதியாகவே கழிந்திருக்கும். ஆனால் என்பிஎம்-இன் லாக் கோப்பில் (பயன்படுத்திய பதிப்புகளைப் பதிவுசெய்வது) ஒவ்வொரு பொதியின் முழு முகவரியும் எழுதப்பட்டுவிடுகிறது. அதிகாரபூர்வ ரெஜிஸ்ட்ரியின் முகவரியை மட்டும் அது நம் முகவரியாக மாற்றிக்கொள்ளும், வேறு மூன்றாம் தரப்பு முகவரிகள் அப்படியே நின்று நெக்ஸஸைத் தாண்டிச் செல்லும். பைத்தானில் பொதிகளை நிறுவும் பிப் கருவிக்கு நெக்ஸஸின் குரூப்பை ஒரே இன்டெக்ஸாகக் கொடுக்க வேண்டும். கூடுதல் இன்டெக்ஸ் என்ற தெரிவைப் பயன்படுத்தினால் பிப் எல்லா இடங்களையும் சமமாகப் பார்த்து உயர்ந்த பதிப்பை எடுத்துக்கொள்ளும், போலிப் பொதிகளுக்கு அதுவே வாசல். கோ மொழியில் 1.13 முதல் ப்ராக்ஸியும் செக்சம் தரவுத்தளமும் மொழியின் கருவியிலேயே இயல்பாக வந்துவிட்டதால், அங்கே நெக்ஸஸின் தேவை மிகக் குறைவு.

மாற்று வழிகளைப் பொறுத்தவரை, மேவன் மட்டும் போதும் என்பவர்களுக்கு ரெப்போசிலைட் எடை குறைந்த நல்ல தேர்வு. என்பிஎம் மட்டும் என்றால் வெர்டாசியோ, பைத்தான் மட்டும் என்றால் டெவ்பை. அப்பாச்சி ஆர்க்கைவா ஓய்வுபெற்றுவிட்ட திட்டம் என்பதால் அதைப் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஜார் கோப்புகளைத் திட்டத்துக்குள்ளேயே ஒரு கோப்புறையில் போட்டு வைக்கும் பழைய வழி இரண்டொரு கோப்புகளுக்கு இன்றும் செல்லுபடியாகும். அதைவிடப் பெருகினால் யார் எங்கிருந்து எடுத்த கோப்பு என்பது மறந்துபோகும். பல மொழிகளும் பல குழுக்களும் இருக்கும் இடத்தில், குறைகளையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், நான் நெக்ஸஸையே தேர்ந்தெடுப்பேன்.

தேர்ந்தெடுப்பவர்கள் அமைப்பு முடிந்தவுடன் ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். பில்ட் சர்வரிலிருந்து நெக்ஸஸைத் தவிர வேறெங்கும் போக முடியாதபடி வெளித்தொடர்பைத் துண்டித்து, லோக்கல் களஞ்சியத்தைக் காலிசெய்து, முழு பில்டையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் விழுவது அநேகமாக நூலகங்களாக இருக்காது: கிரேடில் ராப்பர் எனும் சிறு ஸ்கிரிப்ட் கிரேடிலை இறக்கிக்கொள்ளும் முகவரி, கிரேடிலின் பிளக்இன் போர்ட்டல், ஏதோ ஒரு ஸ்கிரிப்டின் நடுவில் கர்ல் எனும் இறக்கும் கருவியைக் கொண்டு இழுக்கும் ஒரு ஜிப் கோப்பு, மூல நிரல் கிடங்கின் கிட் முகவரியாகவே எழுதப்பட்ட ஒரு என்பிஎம் சார்பு ஆகியவைதான் வரிசையாக வெளிவரும். பிளக்இன் போர்ட்டலுக்கு இன்னொரு மேவன் ப்ராக்ஸி போதும். ராப்பர், ஜிப் போன்ற தனிக் கோப்புகளுக்கு நெக்ஸஸின் ரா வகை ப்ராக்ஸி பொருந்தும். ராப்பரின் ப்ராபர்ட்டீஸ் கோப்பில் அதன் முகவரியைக் கொடுத்துவிட்டால் ஆயிற்று. கிட் முகவரிச் சார்புக்கு நெக்ஸஸில் வழியில்லை. அந்தப் பொதியைத் தொகுத்து ஹோஸ்டட் என்பிஎம் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டு, திட்டத்தின் சார்புப் பட்டியலைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.